மஞ்சள் குடித்த ரேடியேட்டர்

பழைய மோட்டார் கார் ஒன்றில் பித்தளை ரேடியேட்டரும், இன்ஜினிலிருந்து அதற்கு வெந்நீர் கொண்டுவரும் ரப்பர்க் குழாயும் ஒன்றாக வாழ்ந்து வந்தன. காரின் உரிமையாளர் ஞானமுத்து காலைதோறும் ரேடியேட்டரின் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி, அதன் நெற்றியைத் துடைத்துவிடுவார். குழாயை அவர் ஏறிட்டுப் பார்த்ததே இல்லை. அந்தப் பொறாமை குழாயை உள்ளூர அரித்தது.

ஒருநாள் குழாயில் வெடிப்பு கண்டது. கசிந்த நீரை அது ஓசையின்றி ரேடியேட்டரின் மேல் வழியவிட்டது.

"தம்பி, என் மேல் ஏன் ஒழுகுகிறாய்?" என்றது ரேடியேட்டர்.

"ஒழுகுவது நீதான், அக்கா. இனிப் பழைய இரும்புக் கடைதான் உனக்குப் புகுந்த வீடு!"

ஈரத்தைக் கண்ட ஞானமுத்துவும் ரேடியேட்டரில்தான் ஓட்டை என்று நம்பினார். ஆனால் அதைக் கழற்றி எறியவில்லை. ஓட்டையை அடைப்பதற்காக, ஓட்டுநர்கள் சிலர் செய்வதுபோல, ஒரு பிடி மஞ்சள்தூளை அதன் வாயில் போட்டு இன்ஜினை ஓடவிட்டார்.

"ஒழுகுவது நான், மஞ்சள் நீராட்டு இவளுக்கா?" என்று குழாய் கொதித்தது. ஆத்திரத்தில் அதன் உடல் புடைத்தது, வெடிப்பு அகன்றது, மஞ்சள் நீர் விலாவிலிருந்து பீறிட்டது.

ஞானமுத்து இன்ஜினை நிறுத்திவிட்டுக் குனிந்தார். ரேடியேட்டரின் மேல் படிந்த மஞ்சள் தடத்தை விரலால் தொட்டுக்கொண்டே மேலேறிக் குழாயிடம் வந்து சேர்ந்தார். முதன்முறையாக அதை மெல்லத் தடவிப் பார்த்தார்.

"பார்த்தாயா, அக்கா! கடைசியில் என்னிடம்தான் வந்தார்!"

"வந்தார், தம்பி," என்றது ரேடியேட்டர். "மற்றொரு கையில் கத்தி வைத்திருக்கிறார்."