பாசி பிடித்த கல்

யாரும் விதைக்காத, யாரும் வெட்டாத காட்டுத் தோட்டம் ஒன்று இருந்தது. அதன் நடுவே ஒரு கருங்கல். காலையில் முதல் வெயில் அதன்மேல்தான் விழும். ஓணான் அதில் படுத்து உடம்பைச் சுடவைத்துக்கொண்டு, எருக்கம்பூவைத் தேடி வரும் வண்டுகளைப் பார்த்துத் தலையாட்டும்.

பக்கத்தில் ஆறு மாடிக் கட்டடம் எழுந்தது. தோட்டத்துக்கு வெயில் நின்றுபோனது. எருக்கு பட்டுப்போனது, கல்லில் பாசி பிடித்தது, வண்டுகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. ஓணான் மட்டும் தினமும் அதே கல்லுக்கு வந்து நடுங்கிக்கொண்டே, "இந்தக் கட்டடம் இடிஞ்சு விழணும்" என்று வேண்டிக்கொள்ளும்.

ஒருநாள் கல்லுக்கடியிலிருந்து நத்தைக் குஞ்சு ஒன்று ஏறி வந்தது.

"ஏண்ணே நடுங்குறீங்க?"

"வெயில் இல்லையேப்பா. முன்னெல்லாம் இந்தக் கல்லு தோசைக்கல் மாதிரி காயும். அது ஒரு காலம்."

நத்தை கொம்புகளை உள்ளே இழுத்துக்கொண்டது. "கேட்கவே பயமா இருக்குண்ணே. நான் பொறந்ததே இந்த ஈரத்துலதான். அந்த வெயில் திரும்பி வந்துடாதுல்ல?"

ஓணான் கல்லைவிட்டு இறங்கியது. மெல்லக் கட்டடத்தின் சுவரில் ஏறியது. மூன்றாம் மாடியில் சுவரின் மறுபக்கம் திரும்பியதும், அந்தப் பழைய வெயில் அப்படியே காய்ந்துகொண்டிருந்தது.

மறுநாளும் அங்கேதான் படுத்தது. ஆனாலும் பழக்கம் விடுமா? உடம்பு சூடானதும் இறங்கிக் கல்லுக்கு வந்தது. வழக்கமான வேண்டுதல் நாக்கு நுனிவரை வந்தது. கல்லின் நடுவில் நத்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஓணான் வாயை மூடிக்கொண்டு, தன் சூடு அதன்மேல் படாத தூரத்தில், ஓரமாக உட்கார்ந்தது.