நர்ஸ் கேட்காத கேள்வி

வரிசையில் வரதராஜனுக்கு முன்னால் நின்ற வெள்ளைக்கார அம்மாள், முட்டை சாப்பிட மாட்டேன் என்றாள்.

நர்ஸ் ஊசியைக் கீழே வைத்தாள். சாப்பிட்டால் உடம்பில் அரிப்பும் தடிப்பும் வருமா என்று விசாரித்தாள். ஃப்ளூ தடுப்பு மருந்தை முட்டைக்குள்தான் வளர்க்கிறார்கள், முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் போட்டால் ஆபத்து, அதனால்தான் எல்லோரையும் கேட்கிறோம் என்று பொறுமையாக விளக்கினாள்.



போன வருஷம், 1976 ஏப்ரலில், மெல்போர்னின் இதே கிளினிக்கில் வரதராஜனையும் முட்டை சாப்பிடுவீர்களா என்று கேட்டார்கள். பக்கத்தில் மனைவி செங்கமலம். அவளுக்கு இழுப்பு உண்டு. குளிர்காலத்துக்கு முன் ஊசி போட்டே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஆபீஸ் கான்டீனில் அவர் தினமும் ஆம்லெட் சாப்பிடுவது அவளுக்குத் தெரியாது. அவளுக்கு இங்கிலீஷும் தெரியாது. அந்தத் தைரியத்தில், சாப்பிடுவேன் என்று கூசாமல் சொன்னார். ஊசி போட்டார்கள்.

அவளுக்கும் அவரே பதில் சொன்னார். முட்டையா? இவள் ஜென்மத்தில் தொட்டதில்லை! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னார்.

நர்ஸ் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தலையசைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

"ஏன்னா, எனக்கு மட்டும் ஏன் போடலே?" என்று டிராமில் கேட்டாள் செங்கமலம்.

நம் ஆசாரத்துக்கு இந்த ஊரில் எவ்வளவு மரியாதை பார் என்றார் மனுஷர். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

அந்த ஊரில் குளிர் உச்சத்தில் இருக்கும் ஜூலையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மிளகுக் கஷாயம் வைத்துக் குடித்தாள். சோப்புப் போட்டுப் போட்டுக் கை கழுவினாள். அவருக்குத் தொற்றிவிடக் கூடாதென்று தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அவள் ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

இந்த வருஷம் கிளினிக் கடிதம் அவர் பெயருக்கு மட்டும் வந்தது.

தன் வாயாலேயே அவளைக் கொன்றிருக்கிறோம் என்பது வரதராஜனுக்கு இப்போதுதான் விளங்கியது. வரிசையில் நின்றபடியே ஒரு முடிவுக்கு வந்தார். முட்டை சாப்பிடுவதில்லை என்று சொல்லிவிடுவது. ஊசி வேண்டாம். வரப்போகிற குளிர்காலம் தன்னையும் கொண்டுபோகட்டும்.

அவர் முறை வந்தது.

நர்ஸ் எதுவும் கேட்கவில்லை. அவர் சட்டைக் கையைச் சுருட்டினாள். பஞ்சை நனைத்துத் துடைத்தாள்.

அவர் பதறிப்போய், தான் முட்டையே சாப்பிடுவதில்லை என்றார்.

அதற்குள் ஊசி இறங்கிவிட்டது. நர்ஸ் சிரித்தாள்.

"இப்படிப் பொய் சொல்வீர்கள், நம்பாமல் போட்டுவிடுங்கள் என்று உங்கள் மனைவி இப்போதுதானே வந்து தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனார். பாவம், அப்படி மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை."