பதினொராவது வரி

கையில் ஒரு தாளோடு யூஜீனியா மிஸ் வகுப்பு வாசலில் வந்து நின்றதும் செய்னுலாப்தீன் சேருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வந்துட்டா பாருங்க, மெஷின்காரி!" என்றார் பிள்ளைகளிடம், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

பற்றாமல் என்ன செய்யும்? மதுரங்குளிச் சந்தியில் அளவையியல் டியூஷன், அதாவது லொஜிக், என்றால் செய்னுலாப்தீன் சேர்தான், பதினேழு வருஷமாக. அவருடைய நோட்டைப் போட்டோக்கொப்பி அடித்தே ஒரு கடை பிழைத்தது. மாம்புரியிலிருந்து இந்தப் பெண் வந்து பக்கத்துக் கட்டடத்தில் கொம்பியூட்டர் வகுப்புத் தொடங்கி எட்டே மாதம். எண்பது பிள்ளைகள் இருந்த மண்டபத்தில் இப்போது முப்பத்தொரு பேர்.

போனவர்கள் சும்மா போனார்களா? கதையும் கொண்டுவந்தார்கள். "சேர், நிறுவலும் புரோகிராமும் ஒண்டுதானாம். லாம்டா எண்ட குறியப் போட்டு நிறுவல எழுதினா சரியா பிழையா எண்டு மெஷினே சொல்லுமாம்."

"சொல்லும், சொல்லும்! இருபது எழுத்து வாற வாதத்துக்கு உண்மை அட்டவணை போட்டா பத்து லட்சம் வரி தாண்டும். மெஷின் போடட்டும், அதுக்கு வேற என்ன வேல? குறுக்கு வழியக் கண்டுபிடிக்கத்தான் மூள வேணும். ஏலுமெண்டா ஒங்கட மிஸ்ஸ இருபது வரிக்குள்ள ஒரு நிறுவல் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, பாப்பம்!" என்று போன சனிக்கிழமைதான் சவால் விட்டிருந்தார்.

அதோடு நின்றாரா? அந்த வகுப்புக்கும் போகிற சுல்பா என்ற பிள்ளையின் கொப்பியை இரவல் வாங்கி, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் லாம்டாவைப் படித்து முடித்தார். பொறாமையைப் போல நல்ல வாத்தியார் கிடையாது. லாம்டாவுக்குப் பக்கத்தில் நிற்கிற எழுத்து ஓர் எடுகோள், 'இப்படி என்று வைத்துக்கொள்வோம்' என்கிற மாதிரி. அடைப்புக்குறி மூடும் வரைக்கும்தான் அது செல்லும். இவ்வளவுதானா? இதுக்கா இந்த எடுப்பு?

"சேர், ஒரு சின்னக் கதை. ஒருக்கா வெளியில வந்தீங்களெண்டா..." என்றாள் யூஜீனியா.

"இஞ்சயே கதைங்க மிஸ். புள்ளயளும் கேக்கட்டும். கையில என்ன, நிறுவல்தானே?"

"நிறுவல்தான் சேர். ஆனா..."

"ஆனா ஊனா ஒண்டும் வேணாம். தாங்க இஞ்ச!"

பறிக்காத குறையாக வாங்கினார். பத்தொன்பது வரி. முழுக்க லாம்டாவும் அடைப்புக்குறியும்.

படிக்கப் படிக்க ஆத்திரம் கூடியது. ஏனென்றால் ஓரிடத்திலும் தடங்கவில்லை. அடுத்து இதுதான் வரும் என்று மனம் சொல்ல, அதுவே வந்தது. அவர் எங்கே எடுகோள் எடுப்பாரோ அங்கேயே எடுத்து, எங்கே திரும்புவாரோ அங்கேயே திரும்பியிருந்தது. பதினேழு வருஷம் மண்டையை உடைத்துப் பிடித்த கைப்பக்குவம் ஒரு மெஷினுக்கு எட்டு மாதத்தில் வாய்ப்பதா? 'அல்லாஹ்வே, இதெல்லாம் அடுக்குமா?' என்று நெஞ்சு எரிந்தது.

பதினொராவது வரியில் கண் நின்றது. மேலே போய்த் திரும்ப வந்தார். எட்டாவது வரியிலேயே அடைப்பை மூடியாயிற்று. அதற்குள் எடுத்த எடுகோளின் ஆயுள் அங்கேயே முடிந்துவிட்டது. பதினொராவது வரியில் அதே எடுகோள் வெளியே உலாத்துகிறது!

சேர் சிரித்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "மௌத்தாகி அடக்கம் பண்ணினவன் எழும்பிவந்து கடையில பாண் வாங்குறான், புள்ளயள்!"

கரும்பலகையில் எட்டிலிருந்து பதினொன்று வரை அந்த நாலு வரியையும் பெரிதாக எழுதினார். "அஸ்கா, எழும்புங்க. மூடின எடுகோள வெளியில பாவிக்கலாமா?"

"ஏலாது சேர்!"

"பாவிச்சா?"

"முழு நிறுவலும் பிழை சேர்!"

மண்டபம் கைதட்டியது. போன நாற்பத்தொன்பது பேரும் திங்கட்கிழமையே திரும்பி வந்து கதிரை பிடிப்பதை அவர் கண்ணால் கண்டார்.

யூஜீனியா சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. "பிழை எண்டு எனக்கும் தெரியும் சேர். அதுதான் தனியாக் கதைப்பம் எண்டு வந்தன். சோதினைக்கும் ரெண்டு கிழமைதானே கிடக்கு."

"ஓஹோ! தெரிஞ்சுகொண்டு மறைக்கப் பாக்குறீங்களா? மெஷின் பிழை விடாதெண்டு ஊரெல்லாம் கதை!"

"மெஷின் பிழை விடல்ல சேர். பதினொராவது வரிய அது ஏத்துக்கொள்ளவே இல்ல. இத எழுதினது ஒரு ஆள். நான் லாம்டாவுக்கு மாத்தி ஏத்தினது மட்டும்தான்."

"ஆளா? அப்ப இன்னும் நல்லம்!" சேருக்குக் குளிர்ந்துபோயிற்று. கூட்டாளி ஒருத்தனையும் வைத்துக்கொண்டுதான் வகுப்பு நடத்துகிறாளா? ஒரே கல்லில் இரண்டு மாங்காய். "ஆரு அந்த மடையன்? பேரச் சொல்லுங்க மிஸ்."

"வேணாம் சேர், விடுங்க."

"ஏன் விட? இப்பிடி எழுதுறவன்ட கையால இந்த ஊருப் புள்ளயள் ஒரு வரி படிக்கப்படாது! சொல்லாட்டி நீங்க இந்த வாசலத் தாண்ட ஏலாது. பேரு!" மேசையில் ஓங்கி ஓர் அடி.

யூஜீனியா முப்பத்தொரு முகங்களையும் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்கட நோட்டு சேர், அறுபத்திரண்டாம் பக்கம்."