மார்கரெட் மிஸ் போட்ட ரூல்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாச் சொல்ற கதை இல்லை இது. நல்ல பேரோட இருந்த ஒருத்தங்க, போற நேரத்துல ஊர் வாயில விழுந்த கதை.

திருக்கழுக்குன்றத்துல அந்தச் சின்ன பிரைவேட் பள்ளிக்கூடம்னாலே மார்கரெட் மிஸ்தான். ஹெட்மிஸ்ட்ரஸ். காலையில கேட்டுல நின்னு ஒவ்வொரு புள்ளையையும் கன்னத்தைத் தட்டி உள்ளே அனுப்புவாங்க. பொறந்தநாள்னா புள்ளை கலர் டிரஸ்ஸுல வரும், முதல் சாக்லேட் மிஸ்ஸுக்கு. பூஞ்சேரி ஷேர் ஆட்டோ லேட்டானா, அது வர்ற வரைக்கும் கேட்டு தொறந்தே கிடக்கும்.

பொங்கலோட அவங்களுக்கு ரிட்டயர்மெண்ட். அடுத்த ஹெட்மிஸ்ட்ரஸ், கணக்கு மிஸ் ஜெயப்பிரியா. இதே பள்ளிக்கூடத்து வேன் டிரைவர் பூபாலனோட பொண்ணு. இங்கேயே படிச்சு, இங்கேயே வேலைக்கு வந்தவ.

சேதி தெரிஞ்சதும் பெத்தவங்க கேட்டு வாசல்ல பேச ஆரம்பிச்சுட்டாங்க.

"மார்கரெட் மிஸ் இல்லாத ஸ்கூல்ல நமக்கு இன்னா வேலை? டி.சி. வாங்கிகினு கேளம்பாக்கத்துல சேத்துடலாம்."

"அந்தப் பொண்ணு இப்பத்தான் எங்க கண்ணு முன்னால ரெட்டை சடை போட்டுகினு போச்சு. அது ஸ்கூலை நடத்துமா?"

தாளாளர் கிருபாகரன் ஜெயப்பிரியாவைக் கூப்பிட்டு நேராவே சொல்லிட்டாரு.

"கோச்சுக்காதம்மா. தை மாசம் அட்மிஷன் படுத்துச்சுன்னா, மெட்ராஸ்லேர்ந்து வேற ஆளைக் கொண்டாந்துடுவேன்."

ரூமுக்கு வெளியே மார்கரெட் மிஸ் நின்னுகிட்டிருந்தாங்க. காதுல விழுந்திருக்கும்.

அதுக்கப்புறம்தான் அவங்களுக்கு என்னமோ ஆச்சு.

மார்கழி பொறந்ததும் கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கினாங்க. மணி அடிச்சா பூட்டு, லேட்டா வந்தவன் வீட்டுக்குப் போகணும். பொறந்தநாளா இருந்தாலும் யூனிபார்ம்தான். டீச்சருங்க மதியம் வட்டமா உட்கார்ந்து டிபன் பாக்ஸை மாத்தி மாத்திச் சாப்பிடுவாங்க, அதையும் நிறுத்தியாச்சு.

அந்த வாரமே மூணாங்கிளாஸ் பிரபாவுக்குப் பொறந்தநாள். ரோஸ் கவுன்ல வந்த புள்ளையைக் கேட்டுலேயே திருப்பி அனுப்பிட்டாங்க. அவ அம்மா பேரு வேண்டா, பெரிய சண்டைக்காரி. சும்மா விடுவாளா?

"இன்னா மிஸ்ஸு, நல்லாத்தானே இருந்தீங்க? நாற்காலி போவுதுன்னு புள்ளைங்க மேல காட்றீங்களா?"

மார்கரெட் மிஸ் கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு, "ரூல்னா ரூல்தான்" அப்படின்னாங்க.

ஜெயப்பிரியாவுக்கு மனசு கேட்கலை. போய் நின்னா.

"மிஸ், புள்ளைங்க பாவம்."

"நீ இந்த நாற்காலிக்கு வந்தப்புறம் பாவம் பாரு. இப்பப் போய் கிளாஸ் எடு."

பொங்கலுக்கு முன்னால வழியனுப்பு விழா. சால்வை போட்டாங்க. கைதட்டல் தூறல் மாதிரி வந்து நின்னுபோச்சு. மார்கரெட் மிஸ் மைக்கைப் பிடிச்சாங்க.

"ஜெயப்பிரியா, நான் போட்ட ரூல் ஒண்ணைக்கூட நீ மாத்தக் கூடாது. மாத்துற தைரியமும் உனக்குக் கிடையாது."

கூட்டம் முணுமுணுத்துச்சு. "போறப்பவும் கொழுப்பு கொறையல பாரு. அந்தப் பொண்ணு இன்னா பாவம் பண்ணுச்சு?"

ஜெயப்பிரியா தலையைக் குனிஞ்சவ, விழா முடியற வரைக்கும் நிமிரவே இல்லை.

பொங்கல் லீவு முடிஞ்ச திங்கக்கிழமை. ஜெயப்பிரியாவுக்கு முதல் நாள். கேட்டுல ஒரே கூட்டம். என்னான்னு போய்ப் பார்த்தா, அதே பிரபா. அதே ரோஸ் கவுன். கையில சாக்லேட் பாக்கெட், தேம்பித் தேம்பி அழுகை. வாட்ச்மேன் கண்ணாயிரம் குறுக்கே நிக்கிறாரு. சண்டைக்கார வேண்டா அன்னிக்கு மட்டும் வாயைத் தொறக்காம ஓரமா நின்னா.

"பெரிய மிஸ்ஸு ரூலு மேடம்," கண்ணாயிரம் சொன்னாரு. "நான் இன்னா பண்ணட்டும்?"

பெத்தவங்க எல்லாரும் ஜெயப்பிரியா மூஞ்சியைப் பார்த்தாங்க. மாடி ஜன்னல்ல கிருபாகரன்.

ஜெயப்பிரியா மாடி ஜன்னலை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தா. ஒரு நிமிஷம்தான். கண்ணாயிரத்தை விலக்கிட்டுப் போய்ப் புள்ளையை அப்படியே தூக்கிக்கிட்டா.

"இனிமே யார் கலர் டிரஸ்ல வந்தாலும் விட்டுடுங்க அண்ணே. புள்ளைங்க அழுதுகினு உள்ள வரக் கூடாது."

அவ்வளவுதான், கேட்டு வாசல் குளிர்ந்துபோச்சு.

"பூபாலன் பொண்ணு சும்மாவா?"

கேளம்பாக்கம் பேசின ஆளே, "மேடம், என் சின்னவனுக்கும் ஒரு அட்மிஷன் பாரம் எடுத்து வையுங்க" அப்படின்னாரு. மேல கிருபாகரன் சிரிச்சுக்கிட்டே ஜன்னலை விட்டுப் போனாரு.

ரூமுக்கு வந்ததும் பிரபா முதல் சாக்லேட்டை நீட்டினா. வாங்கினப்பத்தான் ஜெயப்பிரியாவுக்கு உறைச்சுது.

"ஏண்டி, உனக்கு மார்கழியிலேயே பொறந்தநாள் முடிஞ்சுபோச்சே?"

"ஆமாம் மிஸ்." அழுத சுவடே இல்லை அவ மூஞ்சியில. "நேத்து மார்கரெட் மிஸ் எங்க வூட்டுக்கு வந்தாங்க. அன்னிக்குத் திருப்பி அனுப்புனதுக்கு என்கிட்ட சாரி சொன்னாங்க. இந்தச் சாக்லேட்டு கூட அவங்க வாங்கினதுதான். நாளைக்கு அந்தக் கவுனைப் போட்டுகினு போய் கேட்டுல நின்னு அழு, புது மிஸ்ஸுக்கு மனசு தாங்காது, உள்ள கூட்டிகினு போய்டுவா, அப்புறம் ஊரே அவ பக்கம்தான்னு சொன்னாங்க."

ஜெயப்பிரியா சாக்லேட்டைப் பிரிக்காம அப்படியே கையில வெச்சுக்கிட்டிருந்தா.

"வேற இன்னாடி சொன்னாங்க?"

பிரபா கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துட்டுக் கிட்ட வந்தா.

"நாளைக்கு எங்க கிளாஸ் கலையரசன் லேட்டா வருவான் மிஸ், பூட்டைத் தொறந்து வுடுங்க. அவனுக்கு அழவே வரலன்னு, மார்கரெட் மிஸ் நேத்து ரெண்டு வாட்டி அவங்களே அழுது காட்டினாங்க."