அளவு ஜாக்கெட்

திருப்பாதிரிப்புலியூர் தையல் கடையில் காலை வெயில் நூல் தூசியைப் பொன்னாக்குகிறது. மகளின் நிச்சயத்துக்குத் தனக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்திருக்கும் அமிர்தம், அளவுக்குப் பழைய ஜாக்கெட் ஒன்றை நீட்டுகிறாள். தையற்காரி கொளஞ்சி அதை விரித்துப் பார்த்துச் சிரிக்கிறாள். "யக்கா, இது உன் அளவா, உன் பொண்ணு அளவா?" "ரெண்டு வருசம் முன்னால போட்டதுடி. மாசாமாசம் வர்றது நின்னதுலேருந்து ஒடம்பு ஊதிக்கினே போவுது." "எனக்குந்தான். கையத் தூக்கு." டேப் சில்லென்று இடுப்பைச் சுற்றுகிறது. அமிர்தம் வயிற்றை எக்கிக்கொள்கிறாள். கொளஞ்சி டேப்பைப் பிடித்தபடியே காத்திருக்கிறாள். "மூச்ச வுடுக்கா. நிச்சயத்தன்னிக்கு சாப்புட வாணாமா?" அமிர்தத்துக்குச் சிரிப்பு பீறிட்டுவிடுகிறது. வயிறு தளர்கிறது, டேப் கொளஞ்சியின் விரல்களுக்கிடையே மெல்ல நழுவி, முப்பத்தெட்டில் நிற்கிறது. "எழுதிக்கடி," என்கிறாள் அமிர்தம், பழைய ஜாக்கெட்டை மடித்துப் பையில் வைத்தபடி. "உள்ள ரெண்டு இஞ்சு துணியும் வுட்டு வை."