ஒரே ஒரு குறை

தென்காசியில் எங்கள் பீட்சா கடைக்கு வருகிறவர்கள் கருத்து எழுத வேண்டியதில்லை. சாப்பிடும்போது அவர்கள் மனதில் நினைப்பதைத் தட்டே அறிந்து வாசல் பலகையில் போட்டுவிடும். நான்கு வருடமாக அந்தப் பலகையில் எங்கள் குடும்பப் பெயருக்குக் கீழே ஒரு குறைகூட வந்ததில்லை.

நான் மட்டும் அங்கே சாப்பிட்டதில்லை. சொந்த வீட்டுக் கைப்பக்குவத்தை ஊரறியப் புகழ்வது எங்கள் வழக்கமல்ல.

நேற்று மூன்று மணியாகியும் கூட்டம் குறையவில்லை. “வீட்டுக்குப் போய்ச் சமைக்க நேரமில்ல மாமா. இன்னைக்கு இதச் சாப்பிடுங்க” என்று மருமகள் உலகம்மை ஒரு பீட்சாவை என் முன்னால் வைத்தாள். பசியில் மறுக்க முடியவில்லை.

வாசலில் நின்ற மருந்துக்கடை சுடலைமுத்து பலகையைச் சத்தமாக வாசித்தார். “ருசி, அஞ்சுக்கு அஞ்சு. இத்தன வருசம் வாயத் தொறக்கலியே அண்ணாச்சி.”

முறைத்தேன். அவர் நிறுத்தவில்லை.

“கவனிப்புக்கு மூணுதான். காரணமும் போட்டிருக்கு. பரிமாறிய பெண் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம்.”

கடையே என்னைப் பார்த்தது. நான்கு வருடப் பெயரை நானே கெடுத்திருந்தேன்.

“இப்ப என்ன மாமா செய்ய?” என்றாள் உலகம்மை மெதுவாக.

“அது கெடக்கட்டும். நீ உக்காரு.”

என் நாற்காலியை அவளுக்கு விட்டு எழுந்தேன். அடுத்த மேசைக்குப் போய், குனியாமல் நிமிர்ந்தபடியே கேட்டேன்.

“உங்களுக்கு என்ன வேணும்?”