ஈரப்பஞ்சு

கையளவு பித்தளை ரயில் எஞ்சினுக்குப் புகைபோக்கியைப் பற்றவைத்தவள் தாரணியின் அம்மா. அவள் இறந்த பிறகு, எஞ்சினின் மற்ற பாகங்கள் இருந்த கிட் பெட்டி மூடியே கிடந்தது. இன்று அப்பா அதைத் திறந்து, புகைபோக்கியை அடுத்து நீராவிக் குமிழைப் பொருத்த சால்டரிங் அயர்னைச் சூடாக்கினார்.

“வேணாம்ப்பா. சூடு பட்டா அம்மா வச்சது கழண்டுடும்.”

அப்பா தயங்கினார். போன மாதம் அவரை மணந்து அந்த வீட்டுக்கு வந்த மரகதவல்லி, நனைத்த பஞ்சைப் புகைபோக்கியின் அடியில் சுற்றி விரல்களால் அழுத்திக்கொண்டாள். “இப்ப வைங்க.”

“கை சுட்டுடும்.”

“சுடட்டும். நீங்க வேலையப் பாருங்க.”

ஈயம் உருகி ஓடியது. பஞ்சு சீறி, புகைபோக்கியைச் சுற்றி ஆவி எழுந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.

தாரணி புகைபோக்கியை அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. பெட்டியில் மிச்சமிருந்த விசிலை எடுத்து மரகதவல்லியிடம் நீட்டினாள்.

“இதை நீங்க வைங்க. பஞ்சை நான் பிடிச்சுக்கறேன்.”